மூடி இறுகிய காரணம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் உங்கள் மைத்துனியும் சுகம். அங்கே உங்கள் கால்வலியும் அண்ணியின் கைவலியும் ஒன்றோடொன்று போட்டி போடாமல் இருக்கின்றனவா?

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. பிரித்ததும் உடைந்த சீப்பு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது நான் செய்த சாமான். கவட்டை போல இரண்டு கைகள், உள்பக்கம் ரப்பர் பற்கள். சமையலறை அலமாரித் தட்டின் அடியில் மூன்று திருகாணி போட்டு முடுக்கிவிடுங்கள். டப்பாவின் மூடியை அந்த இடுக்கில் செருகி, டப்பாவைத் திருப்பினால் போதும். மூடி பிடிபட்டு நிற்கும், டப்பா கழன்று கையோடு வரும். கட்டை விரலுக்கு வேலையே இல்லை.

யோசனை உங்கள் வீட்டில்தான் பிறந்தது. போன முறை வந்திருந்தபோது அண்ணி சர்க்கரை டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு, "ஏங்க, இதக் கொஞ்சம் திறந்து குடுங்க" என்று குரல் கொடுப்பார். நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவீர்கள். ஒரே நாளில் எட்டு முறை எண்ணினேன். "அண்ணன் வெளியே போயிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "சர்க்கரை இல்லாம குடிப்பேன்" என்றார். அது என் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

எங்கள் பிளாஸ்டிக் சாமான் கம்பெனி இதை மூன்று வீடுகளில் பன்னிரண்டு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று மணிக்கட்டு வலி உள்ளவர் வீடாக இருக்க வேண்டுமாம். வாரம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வருடத்துக்கு ஒரு தொழிலாளியின் சாமானைத்தான் எடுப்பார்கள். எடுத்தால், புதுச் சாமான்களுக்கு மாதிரி செய்கிற 'மாதிரி அறை'க்கு என்னை மாற்றுவார்கள். அங்கே நாற்காலி உண்டு, யோசிப்பதுதான் வேலை. இல்லாவிட்டால் எட்டு வருடமாக நிற்கிற இந்த அச்சு மெஷின் முன்னாலேயே நின்று ஓய்வு பெற வேண்டியதுதான். இந்த முழங்கால் அதுவரை தாங்காது.

உங்களைப் போல உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர் எனக்கு வேறு யாரும் இல்லை.

அண்ணிக்கு என் வணக்கம்.

இளைய சகலை


ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலமே. வலிகள் முறை வைத்துக்கொண்டு வருகின்றன. சண்டை இல்லை.

சாமானை மாட்டிவிட்டேன். நீங்கள் மூன்று திருகாணி என்று எழுதியிருந்தீர்கள், பொட்டலத்தில் நான்கு இருந்தன. ஒன்று மிச்சம். வகுப்பில் கணக்கு சரியாக வந்தும் ஒரு எண் மிஞ்சினால் மாணவன் முழிப்பானே, அப்படிக் கொஞ்ச நேரம் முழித்தேன்.

உங்கள் அண்ணி முதலில் காபித் தூள் டப்பாவைச் செருகினாள். திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம். டப்பா திறந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மூடித் திறந்தாள். அப்புறம் வீட்டில் இருந்த எல்லா டப்பாக்களையும் வரிசையாகத் திறந்தாள். "நண்டு மாதிரி கப்புனு புடிக்குதுங்க" என்றாள். அன்று முதல் அதற்கு நண்டு என்றே பெயர்.

மூடியைக் கதவிடுக்கில் வைத்துத் திருப்பலாம் என்று நான் இருபது வருடத்துக்கு முன்பே சொன்னேன். அப்போது "கதவு போயிடும்" என்றாள். அதே யோசனைக்கு இப்போது ரப்பர் பல் முளைத்து வந்திருக்கிறது. நல்லது.

முதல் வாரப் படிவம் இத்துடன். திறந்தவை அறுபத்தொன்று. தவறியவை இல்லை.

மைத்துனிக்கு ஆசிகள்.

மூத்த சகலை


பிப்ரவரி 1

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இவளுக்கு வாசித்துக் காட்டினேன். நண்டு என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். மேனேஜரிடமும் சொன்னேன். "பேரும் வந்துடுச்சா? அப்ப பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்றார்.

கதவிடுக்கு யோசனை உங்களுடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே உங்களிடம் வந்து கேட்டிருப்பேன். திருகாணி ஒன்று கூடுதலாகப் போட்டது என் பழக்கம். கீழே விழுந்து தொலைந்தால் என்ன செய்வது?

குறை ஏதாவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். அண்ணியின் கை எப்படி இருக்கிறது?

இளைய சகலை


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அண்ணியின் கை தேவலை. வீக்கம் வடிந்திருக்கிறது என்று மருத்துவரே சொன்னார். "தம்பிய நல்லா இருக்கச் சொல்லுங்க" என்று அவள் அவருக்கு உங்கள் கதையை முழுக்கச் சொன்னாள். உங்கள் பிறந்த நாள் வரைக்கும் சொன்னாள். என் பிறந்த நாளை மருத்துவர் கேட்டபோது கொஞ்சம் யோசித்தாள்.

குறைகளைக் கேட்டிருந்தீர்கள். நிறம் சரியில்லை. கழற்றி வைத்த பல் செட்டு போலத் தெரிகிறது. குனிந்து நிமிரும்போது தலையில் இடிக்கிறது. எனக்குத்தான். அவளுக்கு இடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு நாளுக்கு ஒருமுறை எதையாவது தூக்கிக்கொண்டு வந்து திறந்து போகிறாள். நேற்று சாப்பிடும்போது பத்து நிமிடத்தில் நான்கு முறை 'தம்பி' என்ற சொல் வந்தது. 'என்னங்க' ஒருமுறை. அதுவும் தண்ணீர்ச் செம்பை நகர்த்தச் சொல்வதற்காக.

எனக்கு இப்போது வாசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. காலையில் பேப்பரை எடுத்தால் கடைசிப் பக்கம் வரை போகிறேன். நடுவில் யாரும் கூப்பிடுவதில்லை. வரி விளம்பரம்கூட விடுவதில்லை.

படிவங்கள் இத்துடன்.

மூத்த சகலை


பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

சொல்பவர் உங்கள் அண்ணன். எழுதுபவள் நான்.

"நலம். வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கதவு நிலையில் இடித்துக்கொண்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை. ஐந்தாம் வாரப் படிவத்தைச் சொல்லி எழுதச் செய்திருக்கிறேன். மற்றவை பின்னர்." அவ்வளவுதான் சொன்னார்.

இனி நான் எழுதுவது. அவர் நடக்கப் போயிருக்கிறார். எந்தக் கதவு என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதவைச் சொல்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டு மறைக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று. சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தானே வேண்டும். இரண்டு வாரமாக மூடிகள் பயங்கரமாக இறுகிவிடுகின்றன. காலையில் லேசாக மூடி வைத்த டப்பா சாயங்காலம் பாறையாக இருக்கிறது. நண்டு திறந்துவிடுகிறது, ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் நான் முழு பலத்தோடு திருப்ப வேண்டியிருக்கிறது. வலி முழங்கை வரை ஏறுகிறது. வடிந்த வீக்கம் திரும்பி வந்துவிட்டது. தேன் பாட்டிலைத் தொடவே பயம். கழற்றும்போது நண்டே மூடியைத் திருகி இறுக்கிவிடுகிறதோ? எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் உங்கள் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அண்ணி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பல்லின் சாய்வு தப்பாக இருந்தால் மூடியின் விளிம்பு வளையும். வளைந்தால் அடுத்த முறை மூடும்போது இறுகலாம். ஆனால் மற்ற இரண்டு வீடுகளிலும் இப்படி ஒன்றும் இல்லை. கடிதத்தை மறைக்க மனம் வரவில்லை, மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். காரணம் தெரியும் வரை நண்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளின் சாமானை எடுத்துக்கொள்வார்களாம். அது துடைப்பம் மாட்டும் கொக்கி. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

உங்களால்தான் எனக்கு ஒரு உதவி ஆகும். பரீட்சை அறையில் உங்கள் கண்ணில் மண்ணைத் தூவி யாரும் பார்த்து எழுத முடியாது என்று அண்ணி சொல்வார்கள். அதே கண்ணோடு சமையலறையைக் கவனியுங்கள். எந்த டப்பா, எந்த நேரத்தில், கடைசியாக மூடியது யார். மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

இளைய சகலை


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூடி இறுகுவது உலகத்தில் இல்லாத அதிசயம் அல்ல. மழைக் காலத்தில் மரக்கதவு உப்பி நிலையில் சிக்கிக்கொள்கிறது. மோதிரம் விரலில் மாட்டிக்கொள்கிறது. சர்க்கரை ஈரத்தை இழுத்து மூடியின் புரியில் பாகாகிக் காய்ந்தால் பசை போலப் பிடிக்கும். தேனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே இதைக் கம்பெனி இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது அநாவசியம் என்பது என் கருத்து.

மேலும் கடந்த இரண்டு வாரமாக மூடிகள் இறுகவில்லை. எனவே இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

மூத்த சகலை


ஏப்ரல் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். அவர் சுகமில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதை அவர் மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "தானா வந்து தானா போற குறைதான் இருக்கறதுலயே மோசம். அதை நம்பி எப்படிய்யா கடைக்கு அனுப்பறது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் டப்பாதான். சர்க்கரை போட்டு, தண்ணீர் தெளித்து, தேன் தடவி, நூறு தடவை, இருநூறு தடவை திறந்து மூடுகிறார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. பேனா பிடிக்க முடியவில்லை. ஒரு மூடிகூட இறுகவில்லை.

நேற்று நான் கேட்டேன், "அக்கா வீட்டுல மட்டும்தானே இப்படி? வேற யாராவது கைய வெச்சிருந்தா?" அவருக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அண்ணன் வீட்ல நடந்தா நடந்ததுதான். அவரு கவனிச்சு எழுதியிருக்காரு. தப்பு என் நண்டுலதான் இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை தானே போய் நண்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுக்கப் போகிறார். வேறு ஏதாவது நினைவுக்கு வந்தால் அதற்குள் எழுதுங்கள் அத்தான்.

அக்காவின் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைத்துனி


ஏப்ரல் 5

தம்பி,

திங்கட்கிழமை ஒன்றும் எழுதிக் கொடுக்காதீர்கள். நாளைக்கே கையில் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஒரு உதாரணத்தோடு தொடங்கினேன். அதை அடித்துவிட்டேன்.

மூடிகளை இறுக்கியவன் நான்.

மத்தியானம் உங்கள் அண்ணி படுத்ததும் சமையலறைக்குப் போவேன். ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு மூடியாக, பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவேன். எட்டு டப்பா. நண்டு ஒரு முறையாவது தோற்க வேண்டும், அவள் "ஏங்க" என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான். சாயங்காலம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டக் என்று சத்தம் கேட்கும். தினமும் கேட்டது. மறுநாள் இன்னும் பலமாக இறுக்குவேன்.

மணிக்கட்டு பிசகியது தேன் பாட்டிலில். எந்தக் கதவும் என்னை இடிக்கவில்லை. அன்று தைலப் புட்டியை ஒற்றைக் கையால் திறக்க முடியாமல், அவள் பார்க்காதபோது நண்டில் வைத்துத் திறந்தேன். நன்றாகத் திறக்கிறது. இதை முதல் வாரமே எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு உங்கள்மேல் பொறாமை. படிப்பு குறைவு, வயது குறைவு, எனக்குப் பிறகு இந்தக் குடும்பத்துக்குள் வந்தவர், வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தார், முப்பத்தெட்டு வருடமாக நான் பார்க்காததைப் பார்த்துவிட்டார் என்ற பொறாமை. அவளுக்கு வலிக்கிறது என்பதை நீங்கள் பார்த்தீர்கள். அவள் என்னைக் கூப்பிடுகிறாள் என்பதை மட்டும்தான் நான் பார்த்தேன்.

கம்பெனிக்கு விளக்கப் படிவம் ஒன்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் பயன்படுத்துபவரின் கையெழுத்தும் வேண்டுமாம். அதனால் இன்று காலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குச் சந்தேகமே வந்திருக்கவில்லை. வந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். முழுவதும் கேட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டே, "அப்போ எனக்குக் கை வலிச்சாத்தான் உங்களுக்கு வேலையா?" என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மன்னியுங்கள் என்று எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

மூத்த சகலை


மே 20

அண்ணனுக்கு,

நலம். கொப்பளம் ஆறிவிட்டது. பதில் எழுத ஒன்றரை மாதம் ஆனதற்குக் கை காரணம் அல்ல.

உங்கள் படிவத்தை மேனேஜர் மூன்று தடவை படித்தார். 'மூடி இறுகிய காரணம்' என்ற கட்டத்தில் நீங்கள் 'பொறாமை' என்று ஒரே சொல் எழுதியிருந்தீர்கள். "ஈரம், தூசி, துருன்னு எழுதற எடமாச்சேய்யா இது" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "ஒரு மனுஷன் ரெண்டு வாரம் மூச்சப் புடிச்சு இறுக்கியிருக்காரு. ஒரு தடவகூட விடாம தொறந்திருக்கு. இதுக்கு மேல என்ன சோதனை வேணும்?" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். நண்டு பாஸ். போன வாரம் மாதிரி அறைக்கு மாறிவிட்டேன். நாற்காலியில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது, பாதி நேரம் நின்றுகொண்டுதான் யோசிக்கிறேன்.

கம்பெனி அன்றைக்கே சிரித்துவிட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இறுக்கியதுகூடப் பரவாயில்லை அண்ணே. அது ஒரு கிறுக்கு, யாருக்கும் வரும். ஆனால் மார்ச் மாதம் நான் கேட்டபோது மழை, மோதிரம், மரக்கதவு என்று எழுதினீர்களே, அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு டப்பாவிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். என் சாமானைச் சந்தேகப்பட்டேன், என்னைச் சந்தேகப்பட்டேன், பெண்டாட்டியைத் திட்டினேன். உங்களைச் சந்தேகப்படவில்லை. அதுதான் எரிந்தது.

இப்போது எரிச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது. முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் பொய். உங்கள் கடிதம் படிக்காமல் மாதம் போவதும் நன்றாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணியின் கை எப்படி?

இளைய சகலை


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அண்ணியின் கை இப்போது நன்றாக இருக்கிறது. ஏப்ரலில் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள். நீங்கள் எழுதிய மிச்ச எரிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். அது இருக்கட்டும், எனக்கும் கணக்கு நினைவிருக்கும்.

நேற்று இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். பாத்திரக் கடையில், கண்ணாடி அலமாரியின் நடுத் தட்டில் நண்டு. பச்சை நிறம், அட்டையில் அழகாக ஒட்டி. உங்கள் அண்ணி கடைக்காரரிடம், "இது எங்க வீட்ல பிறந்தது" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் கரண்டிகளைப் பார்ப்பது போல நகர்ந்து நின்றேன். நெஞ்சுக்குள் அந்தப் பழைய குடைச்சல் வந்தது. குணமாகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. உங்களிடம் மறைத்து ஒருமுறை பட்டுவிட்டதால் இதை எழுதிவிடுகிறேன்.

அப்போது ஒரு பெண், விரல்கள் சற்று மடங்கிப்போன கை, நண்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எதிரே மும்முரமாக இருந்ததால் பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டாள்.

"ஐயா, இது நிஜமாவே தொறக்குமா? இல்ல சும்மா அலங்காரமா?"

"தொறக்கும்மா."

"ரொம்ப இறுகிப் போனதுகூட?"

"எவ்வளவு இறுக்கினாலும் தொறக்கும். நானே இறுக்கிப் பாத்திருக்கேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க இந்தக் கம்பெனியா?"

"இல்லம்மா. செஞ்சவரோட சகலை."

அவள் இரண்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மைத்துனிக்கு எங்கள் அன்பு. நாற்காலியில் உட்கார்ந்தே யோசியுங்கள்.

மூத்த சகலை